மெலிஸின் மாற்றநிலைக் கோட்பாடு: டயாலிசிஸ் நோயாளி எந்த வகையில் சேர்வார்?

கேள்வி:
செவிலியரியல் அறிஞர் அஃபாஃப் மெலிஸின் மாற்றநிலைக் கோட்பாட்டை, அதாவது வாழ்வில் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுபவரைப் புரிந்துகொள்ள உதவும் கோட்பாட்டை, தேர்வுக்காகப் படித்து வருகிறேன். வளர்ச்சி, சூழ்நிலை, உடல்நலம்–நோய், நிறுவனம் என்ற நான்கு மாற்ற வகைகளும் புரிகின்றன. ஆனால், புதிதாக டயாலிசிஸ் தொடங்கும் ஒருவரை எதில் சேர்ப்பது?

மறுமொழி 1:
ஒன்றில் மட்டும் சேர்க்க வேண்டியதில்லை. மெலிஸும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட கட்டுரையே, மாற்றங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பின்னி வருவதைச் சுட்டுகிறது. வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டியவர் வேலையையும் இழக்க நேரலாம். அப்போது நோய்மாற்றத்தோடு சூழ்நிலை மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. வகைகளைவிட, விழிப்புணர்வு, ஈடுபாடு போன்ற மாற்றத்தின் பண்புகளையே விரிவாக எழுதுங்கள்.

மறுமொழி 2:
அந்தப் பண்புகளுள் விழிப்புணர்வுக்கே நான் முதலிடம் தருவேன். ‘இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்’ என்று நம்புகிறவரிடம் தண்ணீர் அளவையும் பொட்டாசியத்தையும் பற்றிப் பாடம் நடத்துவதால் பெரிய பயன் இல்லை. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த வழி) உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்க்க வரும் செவிலியரிடம், ‘இந்தக் கையில் வேண்டாம்’ என்று நோயாளியே சொல்லத் தொடங்கினால், ஈடுபாடு வந்துவிட்டதென்று கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. உடனிருந்து பராமரிக்கும் மனைவியின் மாற்றத்தையும் மதிப்பிட வேண்டுமா?

மறுமொழி 2:
கட்டாயம், குடும்பத்தினரின் மாற்றமும் இக்கோட்பாட்டின் எல்லைக்குள் வருவதே.