'பண்பாட்டு உணர்திறன்' நிற்குமா? 'பாடறிதல்' என்று ஒரு பரிந்துரை

அன்பின் நண்பர்களுக்கு,

தாதியக் (செவிலியர்) கல்வியில், நோயாளரின் பண்பாட்டு வழக்கங்களை அறிந்து அதற்கேற்பப் பராமரிப்பதைக் குறிக்கும் 'கல்ச்சுரல் சென்சிட்டிவிட்டி' என்னும் ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே முன்வைக்கப்பட்ட 'பண்பாட்டு உணர்திறன்', 'கலாசார நுண்ணுணர்வு' ஆகிய இரண்டையும், திருகோணமலையில் தாதிய மாணவருக்குக் கற்பிப்பவள் என்ற முறையில், என் வகுப்பில் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை.

'உணர்திறன்' எங்கள் மாணவருக்கு ஏற்கனவே வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நுண்ணுயிரியல் பாடத்தில் அவர்கள் நுண்ணுயிர்க்கொல்லி உணர்திறன் சோதனையைப் படிக்கிறார்கள். அங்கே உணர்திறன் உடையது என்பது மருந்துக்கு அடங்கும் கிருமி. இந்தப் பழக்கத்தோடு வந்த மாணவி ஒருவர், 'பண்பாட்டு உணர்திறன் கூடிய நோயாளரை எவ்வாறு கையாள்வது' என்று விடைத்தாளில் எழுதியிருந்தார். தாதியிடம் இருக்கவேண்டிய ஒன்று நோயாளரின் குறைபாடாக மாறிவிட்டது. பிழை அந்தப் பிள்ளையுடையது அன்று, நாங்கள் கொடுத்த சொல்லுடையது. 'நுண்ணுணர்வு' அழகான சொல்தான். ஆயினும் அது கலை இரசனைக்குப் பொருந்துமே தவிர, மருத்துவமனையின் நோயாளர் விடுதியில் காலை ஆறு மணிக்குச் செய்யவேண்டிய ஒரு கடமையைச் சுட்டாது. உள்ளே உணர்ந்தால் போதும், ஒன்றும் செய்யவேண்டியதில்லை என்ற எண்ணத்தையும் அது தந்துவிடுகிறது.

எங்களுக்கு வேண்டியது ஒரு செயலின் பெயர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய எந்தச் சமூகமும் பாதியை எட்டவில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் நீரிழிவு நோயாளர் நோன்பு காலத்தில் இன்சுலின் ஊசியின் நேரத்தைப் பற்றிக் கேட்பார். சேருவிலவிலிருந்து வருபவரின் மணிக்கட்டில் பௌத்தர்கள் காப்பாக ஓதிக் கட்டும் பிரித் நூல் கட்டியிருக்கும், நாளத்தில் ஊசி ஏற்ற அதே கைதான் வாய்ப்பாக இருக்கும். பிள்ளை பெற்ற தாய்க்கு வீட்டார், மருந்துச் சரக்குகளை அரைத்துச் சமைத்த சரக்குக் கறியோடு வந்து வாசலில் காத்து நிற்பார்கள். இவை ஒவ்வொன்றிலும் தாதி கேட்டறிந்து, அதற்கேற்ப நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் கலித்தொகையின் நெய்தற்கலி எனக்குக் கைகொடுத்தது. 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்கிறது அந்தப் பாட்டு. பாடு என்பதற்கு உலக ஒழுக்கம் என்று பழைய உரை பொருள் கொள்கிறது. அறிதலும் ஒழுகுதலும் ஒரே தொடரில் பிணைந்திருப்பதால், அறிந்துவிட்டுச் சும்மா இருப்பதற்கு இங்கே இடமில்லை. ஆகவே 'பாடறிதல்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

பாடு என்பதற்கு இன்றைய பேச்சில் உள்ள மற்றப் பொருளும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'அவர் படுகிற பாடு' என்கிறோம் அல்லவா? சில ஆண்டுகளுக்கு முன், மூதூர்ப் பக்கத்துக் கரையோரக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா சத்திரசிகிச்சைக்காக அனுமதிக்கப்பட்டிருந்தார். தாலியைக் கழற்ற அவர் மறுத்தபோது, இந்துப் பெண்கள் தாலியைக் கழற்ற விரும்புவதில்லை என்ற பாடக்குறிப்போடு பலரும் நின்றுவிட்டார்கள். என் மாணவி மட்டும் பக்கத்தில் அமர்ந்து காரணத்தைக் கேட்டார். 'அவர் கடலில நிக்கிறார், இப்ப கழட்ட மாட்டன் பிள்ளை' என்றார் அந்த அம்மா. மஞ்சள் துண்டு கோத்த நூலொன்றைக் கழுத்தில் கட்டியபின் தாலியைத் தன் மகளின் கையில் கொடுக்க அவர் இணங்கினார். சத்திரசிகிச்சைக்கூடமும் அந்த நூலை அனுமதித்தது. அவருடைய வழக்கத்தை அறிந்தது பாதி, அவர் படும் பாட்டை அறிந்தது மற்றப் பாதி. உணர்திறன் என்ற சொல்லால் இந்த இரண்டையும் என்னால் விளக்க முடியவில்லை.

இதனோடு தொடர்புடைய மற்றச் சொற்களையும் சேர்த்தே தீர்மானிப்பது நல்லது. 'கொம்பிட்டன்ஸ்' என்பதற்கு இலங்கைப் பாடத்திட்டங்களில் 'தேர்ச்சி' நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டாம். சிக்கல் 'கல்ச்சுரல் சேஃப்டி'யில்தான் உள்ளது. அதைப் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று எழுதினால், பண்பாட்டை அழியாமல் காப்பது என்றே எவரும் படிப்பார்கள். நியூசிலாந்தின் பழங்குடியான மவோரி இனத்துத் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டென் வளர்த்தெடுத்த கருத்து அதற்கு முற்றிலும் வேறானது. பராமரிப்பு பாதுகாப்பானதா என்பதைத் தாதி தீர்மானிக்க முடியாது, பெறுபவரே தீர்மானிக்க வேண்டும் என்பதும், குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற அதிகார ஏற்றத்தாழ்வைத் தாதி தன்னிடமே தேடிப் பார்க்க வேண்டும் என்பதும் அதன் சாரம். 1992இல் அந்நாட்டுத் தாதியர் பேரவை அதைக் கல்வித்திட்டத்தில் சேர்த்தது. அத்தொடரே 1988இல் கிறைஸ்ட்சேர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில் முதலாம் ஆண்டு மவோரி மாணவி ஒருவர் எழுப்பிய கேள்வியிலிருந்து பிறந்தது. வெருகல், மூதூர்ப் பகுதிகளில் வாழும் பழங்குடியினரான கரையோர வேடர் சமூகத்தவர் எங்கள் விடுதிகளில் எவ்வாறு பேசப்படுகிறார்கள் என்பதைக் கண்டவள் நான்; இந்தக் கருத்து எங்கள் மாணவருக்கு மிகவும் தேவை. பெறுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் 'பண்பாட்டு அச்சமின்மை' ஓரளவு பொருந்துகிறது. இதைவிடச் சிறந்த சொல்லை யாரேனும் தந்தால் மனமார ஏற்பேன்.

பாடறிதலுக்கு எதிராக ஒரு நியாயமான தடை உண்டு. காதால் கேட்பவர்கள் அதைப் பாடத் தெரிதல் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் முதன்முறை வரும்போது 'நோயாளர் பாடறிதல்' என்று எழுதிவிட்டு, பின்னர் சுருக்கலாம். 'பாடறிந்து பராமரித்தல்', 'பாடறியாமை', 'பாடறிவுப் பயிற்சி' என்று அது தடையின்றிக் கிளைக்கிறது; உணர்திறனிலிருந்து ஒரு வினைச்சொல்லைக்கூட என்னால் ஆக்க முடியவில்லை. செவிலியர் என்று எழுதும் தமிழ்நாட்டு நண்பர்கள், தங்கள் மாணவரிடம் முன்விளக்கம் எதுவும் கொடுக்காமல் 'நோயாளர் பாடறிந்து பராமரிக்கவும்' என்ற வாக்கியத்தைக் காட்டி, அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதினால், அடுத்த பருவத்துக்கான பாடக்குறிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திக்கொள்வேன்.