வால்வு மாற்றா, வால்வு பதியமா?

அண்ணாச்சிக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இதயத்தின் பெருந்தமனி வால்வு பழுதானால், நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாகப் புதிய வால்வை வைக்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் TAVR அல்லது TAVI), 'வடிகுழாய்வழி பெருந்தமனி வால்வு மாற்று' என்று அண்ணாச்சி முன்வைத்த சொல்லில் எனக்கு இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. வடிகுழாய் என்றால் எங்கள் களியக்காவிளைப் பக்கம் சிறுநீருக்குப் போடும் ட்யூப்தான் நினைவுக்கு வரும். இங்கே எதுவும் வடிவதில்லை. பெரும்பாலும் தொடைத் தமனி வழியாக வால்வைச் சுமந்து போகிற குழல் இது. 'குழல்வழி' என்றாலே போதும்.

பெரிய சிக்கல் 'மாற்று'. நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையில், சுண்ணாம்பு படிந்து இறுகிய பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைத் தைக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் உருவாகி 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் அப்படித் தைப்பதுதான். அது மாற்று, சரி. குழல்வழி முறையில் பழையது உள்ளேயே இருக்கிறது. மடித்துக் கொண்டுபோன புதிய வால்வு அதன் நடுவில் விரிந்து, பழைய இதழ்களைச் சுவரோடு ஒதுக்கி, அந்த இறுக்கத்திலேயே நிற்கிறது. தையலே கிடையாது. வால்வின் ஓரமாக ரத்தம் கசிவது இந்த முறையில் கூடுதலாக இருப்பதற்கும், கரடுமுரடான அந்தப் பழைய சுண்ணாம்பு ஒரு காரணம்.

என் அத்தைக்கு வயது 82. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இந்தக் குழல்வழி முறையையும் 'வால்வ் மாற்றிவய்க்கல்' என்றே சொன்னார்கள். மலையாளத்தில் தள்ளிப்போடுவதற்கும் அதே சொல்தான். ராதாபுரத்துக்காரரான மாமா, ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்றே எண்ணிக் கலங்கிப்போனார். விளக்கிய பிறகு, எடுத்த வால்வைக் காட்டுவார்களா என்று கேட்டார். 'மாற்று' என்றால் பழையதை எடுப்பார்கள் என்றுதானே தோன்றும்!

அறுவை செய்தால் ஆபத்து மிகுந்த 699 பேரை வைத்து, அறுவையையும் குழல்வழி முறையையும் ஒப்பிட்டது 2011-இல் வெளியான பார்ட்னர் (PARTNER) என்ற ஆய்வு. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் குழல்வழியில் 24.2%, அறுவையில் 26.8%. ஏறக்குறைய சமம். ஆனால் பக்கவாதம் குழல்வழியில் கூடுதல், பெரிய ரத்தப்போக்கு அறுவையில் கூடுதல். எதை ஏற்பது என்று வீட்டார் உட்கார்ந்து பேசும்போது இரண்டுக்கும் ஒரே 'மாற்று' என்ற பெயர் இருந்தால் எப்படிப் பிரித்துப் பேசுவார்கள்?

என் பரிந்துரை: அறுவைக்கு 'வால்வு மாற்று', மற்றதற்கு 'குழல்வழி வால்வு பதியம்'. 'பதிப்பு' என்றால் புத்தகம் ஆகிவிடும். 'பதியம்' தோட்டச் சொல்தானே என்று சிலர் தயங்கலாம். தோவாளைப் பக்கம் பிச்சிக்குப் பதியம் போடும்போது தாய்க்கொடியை யாரும் பிடுங்குவதில்லை. அந்தப் பொருள்தான் இங்கே வேண்டும்.

'வால்வு' அப்படியே இருக்கட்டும், அத்தையும் அதைத்தான் சொல்கிறார். 'தடுக்கிதழ்' வேண்டும் என்பவர்கள், வால்வுக்குள் இருக்கும் ஒவ்வோர் இதழுக்கும் அப்புறம் என்ன பெயர் வைப்பது என்று சொல்லுங்கள்.