பழைய சாமான் கடைப் பூச்சாடிகள்: அடியைப் பார்த்து வயசு சொல்ல முடியுமா?

லயத்து ரோஜா:

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ஒரு பழைய சாமான் கடை. நாலு பூச்சாடிக்கு மொத்தமா 60 வெள்ளி (ரிங்கிட்) சொல்றார் தவுக்கே, அதான் கடை முதலாளி. "எல்லாம் துரை பங்களாச் சாமான், நூறு வருசத்துக்கு மேல" என்கிறார்.

முதல் சாடி நீலம்-வெள்ளை, 26 செ.மீ. அடியில சிவப்புச் சதுரக் கட்டம், உள்ளே ஆறு சீன எழுத்து. போன்ல படம் பிடிச்சா "மாபெரும் சிங் வம்சம், சியான்லோங் காலத்தில் செய்தது"ன்னு வருது.

ரெண்டாவது செங்கல் நிறமும் கறுப்பும், எரிமலைக் குழம்பு வழிஞ்சு காய்ஞ்ச மாதிரி சொரசொரப்பு. அடியில "டபிள்யூ. ஜெர்மனி", மூணு இலக்க எண், ஒரு சின்னக் கோடு, 30. உள்ளே வெள்ளையா சுண்ணாம்புப் படிவு.

மூணாவது ஜப்பான் சாடின்னு சொல்றார், சாம்பல் கலந்த பச்சை, மரப்பெட்டியோட இருக்கு. அடியில ஆணியால கீறின மாதிரி ரெண்டு எழுத்து மட்டும். நாட்டுப் பேர் இல்லாததால 1891க்கு முந்தினதாம்.

நாலாவது பியூட்டர் (வெள்ளீயக் கலப்பு உலோகம்), "சிலாங்கூர் பியூட்டர்"னு முத்திரை.

எது எந்தக் காலம்? அந்தச் சுண்ணாம்பை எப்படி எடுக்கறது?

பீங்கான் பித்தன்:

துரை பங்களாக் கதையை ஓரமா வைங்க. தோட்டத்து ஊர்ல எந்தப் பழைய பீங்கானும் அங்கிருந்துதான் வந்ததா சொல்வாங்க. அவ்வளவையும் அடுக்க எந்தத் துரை வீட்டுலயும் அலமாரி கிடையாது.

ரெண்டாவது சாடி சுலபம். மேற்கு ஜெர்மனின்னு ஒரு நாடு இருந்ததே 1949லிருந்து 1990 வரைக்கும்தான். அந்தக் குழம்புப் பூச்சு 1960, 70கள்ல ஓடின பாணி. முதல் எண் வடிவத்தோட எண், கோட்டுக்குப் பிறகு வர்ற 30 உயரம், செ.மீ. கணக்குல. ஷாய்ரிஷ் கம்பெனி சாடிகள்ல இந்த முறையைப் பார்க்கலாம். ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா பரவாயில்ல. ரெண்டு மூணு செ.மீ. குறைஞ்சா, வாய் உடைஞ்சு யாரோ அரைச்சு சமப்படுத்தியிருக்கலாம். விளிம்பை விரலால தடவுங்க. அரைச்ச இடம் தட்டையா, பூச்சு இல்லாம மண் தெரியும்.

முதல் சாடிதான் ஆளை ஏமாத்தும். சீனப் பேரரசர் சியான்லோங் ஆண்டது 1736 முதல் 1795 வரை. ஆனா அவர் முத்திரையைப் பின்னால வந்தவங்களும் போட்டாங்க, இன்னிக்கும் போடறாங்க. அதனால முத்திரையை வச்சு மட்டும் வயசு சொல்ல முடியாது. கலரைப் பாருங்க. நீல வெள்ளைச் சாடியில முத்திரையும் அதே நீலத்துல, கண்ணாடிப் பூச்சுக்கு அடியிலதான் வழக்கமா இருக்கும். உங்களோடது பூச்சுக்கு மேல குத்தின சிவப்பு. நகத்தால தடவினா லேசா மேடு தட்டும்.

அடுத்து கடைசி எழுத்து. வலமிருந்து இடமா படிக்கணும், அதனால இடப்பக்கம் கீழ்மூலையில இருக்கறதுதான் கடைசி. "செய்தது"ன்னு அர்த்தம். பழைய வடிவம் ரெண்டு அடுக்கு, கீழே "உடை"ன்னு பொருள்படற எழுத்து ஒட்டியிருக்கும். 1956ல சீனா எழுத்தை எளிமையாக்க ஆரம்பிச்ச பிறகு கீழடுக்கு போய் மேல்பாதி மட்டும் நின்னுச்சு. கீழடுக்கு இல்லைன்னா சியான்லோங் பேச்சு அதோட முடிஞ்சது. கீழடுக்கு இருந்தாலும் பழசுன்னு அர்த்தமில்ல, போலி செய்றவங்களுக்கும் பழைய வடிவம் தெரியும்.

10 மடங்கு லென்சு வாங்கி நீலப் பூவைப் பாருங்க. வரிசை வரிசையா புள்ளி தெரிஞ்சா அச்சு ஒட்டினது. தூரிகைன்னா ஒரே கோட்டுல கலர் ஒரு இடத்துல தேங்கி, ஒரு இடத்துல வெளிறி இருக்கும். வெளிக்கோடு அச்சு, உள்கலர் கையாலன்னு ரெண்டும் கலந்து வர்றதும் உண்டு.

அடிவளையத்தையும் விடாதீங்க. நிஜத் தேய்மானம் மேசையில படற இடத்துல மட்டும், கீறல் கண்டபடி ஓடும். ஒரே திசையில ஓடினா உப்புத்தாள் வேலை. பள்ளம் மேடு பார்க்காம ஒரே மாதிரி பழுப்பா இருந்தா தேயிலைத் தண்ணியோ பூட்ஸ் பாலிஷோ பூசியிருக்காங்க.

கோலகங்சார் அக்கா:

மூன்றாவது சாடியைப் பற்றிக் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 1891 என்பது அமெரிக்கச் சுங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு. அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்பது விதி. அதனால் ஜப்பான் பொருள்களில் "நிப்பான்" என்று அவர்கள் மொழியில் நாட்டுக்குள்ள பெயரைப் போட்டார்கள், 1921க்குப் பிறகு "ஜப்பான்" என்று மாறியது. "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்ற முத்திரை 1947 முதல் 1952 வரை. இவையெல்லாம் ஏற்றுமதிச் சரக்குக்குத்தான். ஜப்பான்காரர் தம் வீட்டுக்கு வாங்கிய சாடியில் ஆங்கிலம் எதற்கு? அந்த வீட்டுச் சாமான்தான் இப்போது கண்டெய்னரில் இங்கே வந்து இறங்குகிறது. போன வருடம் செய்த சாடியிலும் நாட்டுப் பெயர் இருக்காது.

மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடியில் மை எழுத்தும் சிவப்பு முத்திரையும் இருந்தால், சாடியின் அடியில் கீறியிருக்கும் இரண்டு எழுத்தும் அதில் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வரவில்லையென்றால் பெட்டி வேறு சாடியுடையதாக இருக்கலாம். சாடி உள்ளே லொடலொடவென்று ஆடினாலும் அதே சந்தேகம்.

பெட்டிக்குள் மடித்த தாள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குயவரின் பிறந்த வருடமும் பரிசு வாங்கிய வருடங்களும் ஜப்பானியப் பேரரசர்களின் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஷோவா என்றால் 1925ஐக் கூட்டுங்கள்: ஷோவா 45 என்பது 1970. ஹெய்செய் என்றால் 1988ஐக் கூட்டுங்கள். தாளில் சூளையின் முகவரி இருந்தால் அஞ்சல் எண்ணைப் பாருங்கள், ஆங்கில 'டி' எழுத்தின் தலையில் இன்னொரு கோடு போட்டது போன்ற குறிக்குப் பக்கத்தில் இருக்கும். ஏழு இலக்கம் என்றால் தாள் 1998 பிப்ரவரிக்குப் பிந்தியது. மூன்று அல்லது ஐந்து இலக்கம் என்றால் 1968க்கும் 1998க்கும் இடைப்பட்டது.

ஈயக்காரன்:

நாலாவது: "ராயல் சிலாங்கூர்"னு பேர் மாறினது 1992ல. வெறும் "சிலாங்கூர் பியூட்டர்"னா அதுக்கு முந்தினது. கூட "மலேசியா"ன்னு இருந்தா 1963 செப்டம்பர் 16க்கு முன்னாடி போகாது. புளி, வினிகர் எதுவும் வேணாம். பாத்திரம் கழுவற சோப்பு, மெல்லிய துணி போதும். பியூட்டர்ல பெரும்பங்கு வெள்ளீயம், அது 232 டிகிரியிலயே உருகும், அடுப்புப் பக்கம் வைக்காதீங்க.

லயத்து ரோஜா:

நன்றிங்க. கடைக்குப் போய்ப் பார்த்தாச்சு. முதல் சாடியில கடைசி எழுத்துக்குக் கீழடுக்கு இல்ல. லென்சுல நீலம் முழுக்கப் புள்ளி. ரெண்டாவது 29.8 செ.மீ. மூணாவது பெட்டித் தாள்ல ஐந்து இலக்க அஞ்சல் எண், எழுத்தும் பெட்டியோட பொருந்துது. பியூட்டர்ல "மலேசியா" இருக்கு. ஆனா மூணாவது சாடியில மேல இருந்து கீழே ஒரு கோடு. விரிசலா, பூச்சோட கோடா?

பீங்கான் பித்தன்:

இருட்டு ரூம்ல சாடிக்குள்ள டார்ச்சை விட்டுப் பாருங்க. மெல்லிய சாடின்னா விரிசல் கறுப்பா ஓடும். தடிப்பான மண்ணுல வெளிச்சம் ஊடுருவாது, அப்போ வாய் விளிம்பைப் பாருங்க: கோடு விளிம்பைத் தாண்டி உள்பக்கமும் இறங்கினா விரிசல். பூச்சு வெடிப்பு வலை மாதிரி பரவும், தனியா ஒத்தைக் கோடா ஓடாது. விரல் முட்டியால தட்டினா "டங்"னு நீண்டா நல்லது, "டொக்"னா சந்தேகம். ஆனா மண் சாடி நல்லா இருந்தாலும் டொக்னுதான் சொல்லும். புற ஊதா டார்ச் இருந்தா அதையும் அடிங்க, பிசின் வச்சு ஒட்டின இடம் வேற நிறத்துல பளிச்சிடும்.

முதல் சாடியை 20ஆம் நூற்றாண்டு பின்பாதி அச்சுச் சாமான்னே எடுத்துக்குங்க. பூ வைக்க நல்ல சாடி, 10 வெள்ளிக்கு மேல வேணாம். பேரம் மூணாவதுக்குப் பேசுங்க, விரிசல் இல்லைன்னா மட்டும்.

கோலகங்சார் அக்கா:

சுண்ணாம்புக்கு: வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி, படிவு மூழ்கும் அளவுக்கு உள்ளே மட்டும் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். காலையில் கொட்டிவிட்டு, இரண்டு கரண்டி பச்சரிசியும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுச் சுழற்றினால் மிச்சமும் உதிரும். கொதிநீர் ஊற்றினால் சாடி வெடிக்கலாம். தங்கக்கோடு, பூச்சுக்கு மேல் தீட்டிய வர்ணம் இவற்றின் மீது வினிகர் படக்கூடாது. குளோரின் பிளீச் தொடவே வேண்டாம். வெடிப்புக் கோடுகளில் உப்பாகத் தங்கி, மாதக்கணக்கில் கழித்துப் பூச்சைப் பெயர்த்துவிடும். வினிகரோடு சேர்ந்தால் நச்சு வாயு வேறு.

பூ வைக்கும் முன் தண்ணீர் நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாள் விரித்து ஒரு நாள் வையுங்கள். தாளில் வளையம் விழுந்தால் உள்ளே ஒரு போத்தலை இறக்கி, அதில் பூவை வையுங்கள்.