வல்லாரைப் பொடியில் காரீயம் 12.4: சரக்கை என்ன செய்யலாம்?

உலர்களம்:
வல்லாரைப் பொடி 100 கிலோ, 25 கிலோ மூட்டையாக நான்கு. லேப் ரிப்போர்ட்டில் காரீயம் 12.4, காட்மியம் 0.21, ஆர்சனிக் 0.9 (எல்லாம் மி.கி./கிலோ), பாதரசம் 'கண்டறியப்படவில்லை'. ஆயுஷ் வரம்பு முறையே 10, 0.3, 3, 1. ஒரு மூட்டையின் வாயிலிருந்து 50 கிராம் அள்ளித்தான் அனுப்பியது. காரீயம் குறைவாக உள்ள வேறு பொடியோடு கலந்தால் 10-க்குள் வந்துவிடுமே, கலக்கலாமா? வீட்டில் கழுவிக் காயவைத்த இலையிலும் இப்படி வருமா?

குடுவை:
ஒரு மூட்டையின் வாயில் அள்ளியது அந்த வாய்க்குத்தான் சாட்சி. மண் துகள் கனம், பொடிக்குள் அடியில் இறங்கிவிடும். நான்கு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் எடுங்கள். சுத்தமான பாலித்தீன் விரிப்பில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். 300 கிராம் வரும்வரை இதையே திரும்பச் செய்து மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று அந்த லேபுக்கு, ஒன்று வேறொரு லேபுக்கு, ஒன்று சீல் வைத்து உங்களிடம்.

லேபில் வழக்கமாக நடப்பது: 0.5 கிராம் பொடி, 8 மி.லி. நைட்ரிக் அமிலம், 2 மி.லி. ஹைட்ரஜன் பெராக்சைடு, மூடிய டெஃப்ளான் குடுவை, மைக்ரோவேவில் 180–200 டிகிரி, ஆறிய பிறகு 50 மி.லி.க்கு நிரப்பி ஐசிபி-எம்எஸ்ஸில் (உலோகங்களை அணு நிறையை வைத்துப் பிரித்து அளக்கும் கருவி) ஏற்றுவது. அதாவது நூறு மடங்கு நீர்த்தல். உங்கள் காரீயம் கருவிக்குள் போகும்போது லிட்டருக்கு 124 மைக்ரோகிராம். அது பெரிய எண், கருவியின் சலசலப்பு அல்ல. காட்மியமோ வெறும் 2.1, அங்கேதான் பிளாங்க் (பொடி போடாமல் அமிலத்தை மட்டும் ஓட்டினால் வரும் எண்) எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

பாதரசத்தை நம்புவதற்கு முன் 'மூடிய குடுவையா, ஹாட்பிளேட்டா' என்று கேளுங்கள். திறந்த பீக்கரில் காய்ச்சியிருந்தால் பாதரசம் ஆவியாகப் போயிருக்கும், 'கண்டறியப்படவில்லை' என்பதற்குப் பொருளே இல்லை. பாதரசத்தைப் பிடித்து வைக்க ஹைட்ரோகுளோரிக் சேர்த்திருந்தால் இன்னொரு சிக்கல்: கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவும் அமிலத்தின் குளோரினும் சேர்ந்து 75 நிறையில் ஆர்சனிக் வேடம் போடும். ஹீலியம் மோடில் (அந்த வேடதாரியை ஹீலியம் வாயுவால் வடிகட்டும் முறை) அளந்தார்களா என்று கேளுங்கள்.

மதிப்பு தெரிந்த இலைப்பொடி (அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டியின் பீச் இலை போல) கூடவே ஓட்டியிருக்க வேண்டும். அதில் காரீயம் 1-க்கும் கீழே, அதனால் 12-க்கு அது மட்டும் போதாது. ஸ்பைக் ரெகவரியும் (தெரிந்த அளவு காரீயத்தைப் பொடியில் சேர்த்தால் அதில் எவ்வளவு திரும்ப அளவில் வருகிறது என்பது) 80–120% இருக்கிறதா என்று பாருங்கள்.

களிமண்:
எண் சரி என்றே வைத்துக்கொள்வோம், எங்கிருந்து வந்தது? வல்லாரை ஈரத்தில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி. வேரோடு பிடுங்கினால் மண்ணும் வரும். ஆனால் பொடியில் 5% மண் என்று வைத்தாலும், அது மட்டுமே 12.4 தர அந்த மண்ணில் காரீயம் 248 இருக்க வேண்டும். சாதாரண வயல் மண்ணில் சில பத்துகள்தான். ஆகவே 'மண் ஒட்டியிருக்கும்' என்று முடித்துவிட முடியாது. அது கெட்ட மண்ணாக இருக்க வேண்டும் (பழைய பேட்டரி உடைத்த இடம், சாக்கடை பாயும் வாய்க்கால், பெயிண்ட் சுரண்டிக் கொட்டிய மூலை), இல்லையென்றால் அறுவடைக்குப் பிறகு ஏறியிருக்கும்.

அதே கரைசலில் அலுமினியம், இரும்பு, டைட்டானியமும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் எகிறினால் மண். காரீயம் மட்டும் தனியாக நின்றால் காயவைத்த தகரத்தின் பெயிண்ட், ஈயம் பூசிய பாத்திரம், அரவை எந்திரத்தின் பற்றவைப்பு என்று தேடுங்கள். பூசுவது வெள்ளீயம்தான், ஆனால் அதில் காரீயக் கலப்பு சகஜம். எந்திரத்தின் எஃகு தேய்ந்தால் குரோமியமும் நிக்கலும் ஏறும், காரீயம் அல்ல.

வீட்டு இலைக்கு: வேரையும் அடிக்கணுவையும் வெட்டித் தள்ளிவிட்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டியது போகும், இலைக்குள் ஏறியது போகாது. இன்னொன்று, பச்சை இலை எடையில் வந்த எண்ணையும் காய்ந்த எடையில் வந்ததையும் ஒப்பிடக் கூடாது. பெரும்பங்கு தண்ணீர் என்பதால் பச்சையில் பத்தில் ஒன்றாகக்கூடத் தெரியும்.

சீரகச்சம்பா:
கலப்பது தப்பு. பாஸ் ஆகும், அவ்வளவுதான். சாப்பிடுகிறவர் பக்கம் கணக்குப் போடுங்கள்: நாளைக்கு 3 கிராம் பொடி, 12.4 வீதம் 37 மைக்ரோகிராம் காரீயம். கலந்து சரியாக 10 ஆக்கினாலும் 30. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு உணவு வழியாக அமெரிக்க எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) வைத்திருக்கும் குறிப்பு அளவு நாளைக்கு 8.8, குழந்தைகளுக்கு 2.2. வல்லாரையை 'ஞாபகசக்திக்கு' என்று வாங்குவது யாருக்கு என்று தெரியும்தானே.

பற்பம், செந்தூரம் போல உலோகமே சரக்காகச் சேரும் சித்த மருந்துகளின் கதை வேறு, இந்தக் கணக்கை அங்கே பொருத்த வேண்டாம்.

உலர்களம்:
ரிப்போர்ட்டில் இரும்பு, அலுமினியம் இல்லை. காயவைத்தது பச்சை பெயிண்ட் அடித்த தகரக் கூரை மேல்.

களிமண்:
அந்தப் பெயிண்ட்டைக் கொஞ்சம் சுரண்டித் தனிப் பையில் போட்டு லேபுக்கு அனுப்புங்கள், பொடி மாதிரியோடு ஒரே பெட்டியில் வேண்டாம். சுரண்டும்போது மாஸ்க் போடுங்கள், தூளை ஈரத் துணியால் துடையுங்கள். முடிவு வரும்வரை நான்கு மூட்டையும் தனி அறையில் இருக்கட்டும்.