மறு: காட்டுக் காளானில் நச்சுத் தனிமங்கள் – ‘மாசு’ வேண்டாம், ‘தேக்கம்’ வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

காட்டுக் காளான் மண்ணிலிருந்து நச்சுத் தனிமங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்வதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பது கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: கன உலோக மாசு, உயிர்த்திரட்சி, நச்சு ஈட்டம். முதலாவதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் எங்கள் வேலூர் வீட்டு அடுப்படி. இடிமழைக்குப் பிறகு அமிர்திக் காட்டுப் பக்கமிருந்து அத்தை புற்றுக்காளான் கொண்டுவந்தார். காளானில் காட்மியமும் பாதரசமும் ஏறும் என்பதை ‘மாசு’ என்று சொல்லித்தான் விளக்கினேன். “மாசுதானே, மஞ்சத்தண்ணில நாலு வாட்டி அலசிட்டா போயிடும்பா” என்றார். பிழை அவரிடம் இல்லை, நான் கொடுத்த சொல்லில் இருக்கிறது. மாசு மேலே படிவது, கழுவினால் போவது. காட்மியமோ பூசண இழை வழியாக ஏறிச் சதைக்குள் நின்றுவிடுகிறது.

‘கன உலோகம்’ ஆர்சனிக்குக்குப் பொருந்தாது, அது உலோகப்போலி, அதாவது உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்டது. ஆகவே நச்சுத்தனிமம். ‘காளான் நச்சு’ என்று சுருக்கவும் கூடாது. அமாடாக்சின்போலக் காளான் தானே உண்டாக்கும் நஞ்சு வேறு.

ஈட்டம் அழகான சொல்தான், ஆனால் அதில் வருமானத்தின் வாடை அடிக்கிறது. உயிர்த்திரட்சி பொதுச்சொல்லாக இருக்கட்டும். அதை வினையாக்கி எழுதிப் பாருங்கள், வராது.

நான் முன்வைப்பது ‘நச்சுத்தனிமத் தேக்கம்’. ஏரி நீரைத் தேக்கும், காளான் காட்மியத்தைத் தேக்கும். மின்தேக்கி (capacitor) ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், அப்படித் தேக்கும் காளானைத் ‘தேக்கி’ என்றால் உறுத்தாது. உலர் காளானில் உள்ள அளவை மண்ணில் உள்ள அளவால் வகுத்தால் ‘தேக்கெண்’. மண்ணில் கிலோவுக்கு 0.5 மி.கி., உலர் காளானில் 10 மி.கி. என்றால் தேக்கெண் 20. எண் 1க்கு மேல் போனால் தேக்கி, கீழே நின்றால் விலக்கி. வரையறையில் ‘உலர்’ கட்டாயம் வேண்டும்: பச்சைக் காளானில் சுமார் 90 விழுக்காடு நீர். காயவைத்து மருந்துப் பொடியாக்கும்போது நீர்தான் போகிறது, காட்மியம் போவதில்லை.

தேக்கி என்பதைத் தனிமத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும். கடையில் விற்கும் மொட்டுக்காளானின் பேரினமான அகாரிகஸில் பல இனங்கள் காட்மியத் தேக்கிகள். சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளிகள் கொண்ட நச்சுக்காளானான அமானிட்டா மஸ்காரியா வனேடியத் தேக்கி. வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் கழிவின் குரோமியத்துக்குப் பெரும்பாலான காளான்கள் விலக்கிகளே. அதற்காக அங்கே பறிக்கலாம் என்று பொருளில்லை. அடித்தண்டில் ஒட்டிய மண்ணோடு குரோமியம் வரும். அதற்கு மட்டும் ‘மாசு’ சரியான சொல்.

‘விலக்கி’யில் எனக்கு முழு நிறைவில்லை. அந்தக் காளான் முற்றாக விலக்குவதில்லை, குறைவாக ஏற்கிறது. ‘குறையேற்பி’ பொருந்துமா? தாவரவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.