12 முடித்த பிள்ளையை இன்னொரு வருஷம் பள்ளியில் விடலாமா?

ஸ்காபரோ அம்மா:
மகனுக்கு இந்த ஜூனில் 12ஆம் வகுப்பு முடிகிறது. நவம்பரில் பிறந்தவன், செப்ரெம்பரில் கம்பஸ் போகும்போது 17 வயதுதான். பள்ளிச் சான்றிதழுக்கு வேண்டிய 30 கிரெடிற்றும் சரி, 40 மணித்தியாலத் தொண்டும் சரி. ஆனால் "இன்னொரு வருஷம் இங்கேயே இருந்து கல்குலஸையும் பிசிக்ஸையும் திருப்பி எடுக்கிறேன்" என்கிறான். இவருக்குச் சம்மதமில்லை. பெயிலான பிள்ளை என்று சனம் கதைக்குமாம். நான் யாழ்ப்பாணத்தில் ஏஎல் சோதனை எழுதி, பெறுபேற்றுக்குக் காத்திருந்து கம்பஸுக்குள் கால் வைத்தபோது 20 தாண்டிவிட்டது. 17 இல் என்ன அவசரம்? இப்படி விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

2003 பட்ச்:
அக்கா, விடுங்கள். இங்கே கனடாவில், எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் முன்பு 13ஆம் வகுப்பு இருந்தது, பிறகு அதை ஓஏசி என்றார்கள். அப்போதைய மாகாண முதல்வர் மைக் ஹரிஸின் அரசு அந்த வருஷத்தையே எடுத்துவிட்டது. 1999 இல் 9ஆம் வகுப்புக்குப் போன நாங்கள்தான் புதுப் பாடத்திட்டத்தின் முதல் பிள்ளைகள். 2003 இல் ஓஏசி முடித்த கடைசிப் பிள்ளைகளும் 12 முடித்த நாங்களும் ஒன்றாக வெளியே வந்தோம். டபுள் கோஹோர்ட் என்று எங்களுக்குப் பெயர். அண்ணாவும் நானும் ஒரே சாப்பாட்டு மேசையில் இருந்து விண்ணப்பம் நிரப்பினோம்.

கம்பஸில் முதல் வருஷக் கல்குலஸில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அண்ணா அதைப் பள்ளியில் தனிப் பாடமாகப் படித்தவர். எங்களுக்கு ஃபங்ஷன்ஸ் என்ற கணக்குப் பகுதியோடு சேர்த்து ஒரே பாடமாக அமுக்கித் தந்தார்கள். கம்பஸ் வகுப்பில் செயின் ரூல் என்ற கல்குலஸ் விதி, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இரண்டு வரியில் முடிந்தது. ஒக்ரோபர் மிட்ரேமில் அண்ணாவுக்கு 78, எனக்கு 43. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன், வீட்டில் காட்டவில்லை. எனக்கு மூளை குறைவு என்றே அந்த வருஷம் முழுக்க நம்பினேன். ஒரு வருஷப் படிப்பைக் குறைத்தது அவர்கள், குற்றவாளி போல் நின்றது நான்.

அதற்குப் பிறகும் எத்தனையோ பிள்ளைகள் ஐந்தாம் வருஷத்துக்குத் திரும்பி வந்தார்கள். பள்ளிகளில் அதற்கு விக்ரறி லாப், அதாவது வெற்றிச் சுற்று என்றே பெயர். பெயில் என்று யாரும் சொல்வதில்லை, அத்தானிடம் சொல்லுங்கள்.

கணக்கு ரீச்சர்:
நான் உயர்பள்ளியில் படிப்பிக்கிறேன். 17 இல் ஆயத்தமாக நிற்கிற பிள்ளைகளையும் பார்க்கிறேன், அதனால் எல்லோரும் இருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். கியூபெக்கில் உயர்பள்ளி 11 உடன் முடிகிறது, ஆனால் கம்பஸுக்கு முன் இரண்டு வருஷம் செஜெப் என்ற கல்லூரி இருக்கிறது. இங்கே இடையில் ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் கவனம்: 12இல் திருப்பி எடுத்தால் இரண்டு மார்க்கும் ரான்ஸ்கிரிப்ற் என்ற மார்க் பட்டியலில் நிற்கும். சில பொறியியல் துறைகள் அதற்கு மார்க் கழிக்கும். அவன் கேட்கிற துறையை முதலில் விசாரியுங்கள்.

ஸ்காபரோ அம்மா:
வியாழக்கிழமை கைடன்ஸ் ரீச்சரைப் பார்க்கிறோம், இவரும் வருகிறார். தங்கச்சி, நீங்கள் எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளை பிறகு பாஸ் பண்ணினதா?" என்று கேட்டார்.

2003 பட்ச்:
பண்ணினேன் அக்கா. கோடையில் திரும்பக் காசு கட்டி எடுத்தேன். 71.