திருவாதிரை ஏன் இவ்வளவு சிவப்பு?

கேள்வி: நேற்று வெள்ளவத்தையில் கரண்ட் போன நேரம் மொட்டை மாடிக்கு ஏறினோம். ஓரையன் விண்மீன் கூட்டத்தின் தோளில் திருவாதிரை தணல் மாதிரிச் சிவந்திருந்தது, கால் பக்கம் ரைஜல் என்ற விண்மீன் நீலவெள்ளை. ஒரே கூட்டத்தில் ஏன் இரண்டு நிறம்? திருவாதிரை வெடிக்கப்போகிறது என்று மகன் பயப்படுகிறான்.

பதில்: நிறம் மேற்பரப்பின் சூட்டைக் காட்டுகிறது, அக்கா. திருவாதிரை சுமார் 3,500 கெல்வின், ரைஜல் சுமார் 12,000. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து அப்புறம் வெளுக்குமே, அதே கணக்கு. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்ததும் திருவாதிரை ஊதிப் பெருத்து, மேற்பரப்பு ஆறிப்போனது. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும்.

இன்னொரு பதில்: 2019 கடைசியில் அது மங்கியபோது நானும் தினமும் பார்த்தேன், ஆனால் மறைத்தது அது கக்கிய தூசுதான். ஒருநாள் சூப்பர்நோவாவாக வெடிக்கும், அதற்கு ஒரு லட்சம் ஆண்டுகள்கூட ஆகலாம். 500 ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதால் நமக்கு ஆபத்தில்லை, மகனைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேட்டவர்: சரி, சொல்லிவிட்டேன். இன்றைக்கும் மாடிக்குப் போக வேண்டுமாம்.